மேசைக்கு அடியில் பாடம்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் காப்பகத்துக்குத் திரும்பும் நாலரை மணிக்குக் காப்பாளர் போன் செய்தார். பாடம் சொல்லிக்கொடுக்க வந்த என் அக்கா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைபாதையில் சரிந்துவிட்டாள். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

பகலில் அவளுக்கு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. மாலையில் காப்பகம். அங்கே அவள் பெயர் ‘மேசையடி அக்கா’. அதற்குக் காரணம், எல்லோரும் வாலு என்று கூப்பிட்ட ஒரு சிறுமி. மூன்று இல்லங்கள் மாறி வந்தவள். முதுகுக்குப் பின்னால் யாராவது நடந்தால் போதும், எழுதும் கை நின்றுவிடும். மேசைக்கு அடியில், சுவரில் சாய்ந்துதான் படிப்பாள். அதட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அக்கா பேசாமல் தானும் உள்ளே தவழ்ந்து போய்விட்டாள்.

இறப்பதற்கு முந்தின வாரம், உள்ளே இருட்டாக இருக்கிறது, ஒரு பல்பு மாட்டவேண்டும் என்று என்னையும் அழைத்துப்போனாள். நான் டார்ச் பிடித்தேன்.

“அக்கா, உங்க முட்டி துருப்பிடிச்ச கேட்டு மாதிரி கத்துது,” என்றாள் வாலு.

“எண்ணெய் விட்டுக்கறேன்டி. நீ முதல்ல அந்தப் பின்னத்தைக் கூட்டு.”

காப்பாளர் குனிந்து பார்த்தார். “அவளை வெளிய கூட்டிட்டு வாங்கன்னா, நீங்களும் உள்ளயே குடியேறிட்டீங்களேம்மா!”

“வாடகை மட்டும் கேட்டுடாதீங்க சார்.”

சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “இந்தத் தடவையும் கணக்குல தேறலைன்னா தொழிற்பயிற்சி இல்லத்துக்கு மாத்திடுவாங்க. அது வேற ஊரு. அவ தம்பி இங்கதான் இருப்பான்.”

மேசைக்கு அடியில் பென்சில் சத்தம் நின்றது.

“தேறிடுவா,” என்றாள் அக்கா.

பல்பு ஹோல்டரைத் திருகி முடித்தபோது வயர் எட்டவில்லை. “அடுத்த வாரம் வாங்கிட்டு வந்துடறேன்டி.”

தேர்வன்று கூடவே போய், சுவரோரமாக இடம் கேட்டு வாங்கித் தருவதாக இருந்தாள். அவள் போனபின் அது யாருக்கும் நினைவில்லை. வாலுவை நடு வரிசையில் உட்காரவைத்தார்கள். மேற்பார்வையாளர் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தாராம். வெள்ளைத்தாளைத்தான் கொடுத்துவிட்டு வந்தாள்.

நடைபாதையிலிருந்து காப்பாளர் எடுத்துவைத்திருந்த அக்காவின் செருப்பையும் குடையையும் பையையும் வாங்கிவர நான் காப்பகத்துக்குப் போனபோது, முந்தின நாளே வேன் வந்து வாலுவை ஏற்றிப் போயிருந்தது.

“ஏதாவது சொன்னாளா சார்?”

“அங்க மேசை இருக்குமான்னு கேட்டா தம்பி.”

ஹோல்டர் அந்த மேசைக்கு அடியிலேயே இருக்கிறது. அக்கா கடைசியாகக் கொண்டுவந்த பையில் வயர் சுருள் இருந்தது. கடைக்காரர் போட்ட முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.