இசக்கி அக்கா ஒட்டிய ஸ்டிக்கர்

பொத்தானை அழுத்தியதும் லேப்டாப் திரை மொத்தமும் மோர் ஊற்றினாற்போல வெளுத்துப் போகும். அந்த வெளுப்பின் மேல் வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தால், கட்டத்துக்குள் இருப்பது மட்டும் பளிச்சென்று நிறம் திரும்பித் தனிப் படமாக வந்து நிற்கும். யாரும் போட்டுக்கொடுக்காமல் லேப்டாப்போடு கூடவே வந்த வித்தை அது. கத்தரிக்கோல் படம் போட்டிருந்ததால் நான் அதற்கு வைத்த பெயர் 'கத்தரி'. பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்குக் கொடுத்த அந்த லேப்டாப்பில், பன்னிரண்டு வயதில், நடிகையின் கம்மல், மழை மேகம், யார் வீட்டு நாய்க்குட்டியோ என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டி வெட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்தெருவில் எங்கள் 'வூடு'. மாடி அறையைக் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அம்மா பால்காரரை நம்பமாட்டாள், கேஸ் சிலிண்டரின் சீலை நம்பமாட்டாள், லேப்டாப்பை அறவே நம்பமாட்டாள். "அந்தப் பொட்டிக்கு மேல ஒரு கண்ணு கீது பாரு, எங்கியோ ஒருத்தன் குந்திகினு நம்ம வூட்டத்தான் பாக்கறான்" என்பாள். ஈரத் தலையோடு அதன் முன்னால் நடக்கக்கூட மாட்டாள். அவள் வயிற்றில் பிறந்த எனக்கு மட்டும் வேறு புத்தி எப்படி வரும்?

மாடியில் அப்போது இசக்கி அக்காவும் ஜோதி அக்காவும் இருந்தார்கள். இருவரும் சங்கரன்கோவில் பக்கம். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், கம்பெனியிலும் ஒரே லைன், சாப்பாடும் ஒரே தட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் இறங்கி வந்து, அரசாங்கத்தின் புகார்ப் பக்கத்தில் ஒரு புகாரைத் தமிழில் அடித்துத் தரச் சொன்னார்கள். லைன் லீடர் பாத்ரூம் போக விடுவதில்லை, கேட்கும் பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கிண்டல் செய்கிறார் என்று இசக்கி அக்கா வரி வரியாகச் சொல்ல, நான் அடித்தேன்.

"பேரு போடணுமாட்டி?" என்றாள்.

"போட்டாதான்க்கா போவுது. ரகசியமா வெச்சுப்போம்னு கீழ போட்டுகீறாங்க."

"என் பேருன்னு வெளிய தெரிஞ்சுது, மறுநாளே வேலைய விட்டுத் தூக்கிருவாவ. ஊருக்குப் போனா மாமன் மவனுக்குக் கட்டி வச்சிருவாவ, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் பெயரைச் சொன்னாள்.

ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் அடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில், அனுப்புவதற்கு முன் 'கத்தரி'யை எடுத்தேன். திரை வெளுத்தது. அக்கா பதறிவிட்டாள். "ஏட்டி, என்னையப் போட்டோ புடிச்சிட்டியா?"

"உங்கள இல்லக்கா, இத" என்று திரையைக் காட்டினேன். அவளுக்கு அது ஏறவில்லை. கம்பெனி கேட்டில் உள்ளே போகும்போது செக்யூரிட்டி ஒவ்வொரு செல்போன் கேமரா மேலும் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வரும்போது அது கிழியாமல் இருந்தால் உள்ளே எதுவும் படமாகவில்லை என்று அர்த்தம். தினமும் இப்படியே போய் வந்தவளுக்குப் படம் என்றால் கேமரா, கேமரா என்றால் ஸ்டிக்கர், அவ்வளவுதான். மாடிக்கு ஓடி, பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தவற்றில் ஒன்றை உரித்து வந்து லேப்டாப்பின் கண்ணில் அழுத்தி ஒட்டினாள். "இனி பயமில்ல" என்றாள். சாயங்காலம் வந்து அதைப் பார்த்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். நானும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, அவள் பெயரோடு வெட்டிய படம் பத்திரமாக உள்ளே இருந்தது.

அடுத்த ஞாயிறு, அம்மாவின் தம்பி, சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தார். அக்காக்கள் போகும் அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுபவர். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் என் சேகரிப்பை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கம்மலுக்கும் நாய்க்குட்டிக்கும் கொட்டாவி விட்டவர், இசக்கி அக்காவின் புகார் வந்ததும் நிமிர்ந்தார். "இத கொஞ்சம் நிறுத்து கண்ணு. நீயா அடிச்ச? சூப்பரா கீதே!" என்று சொல்லி, தன் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படப் போகிறாரோ என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை போன வேகத்தில் இசக்கி அக்கா திரும்பி வந்தாள். லைன் லீடர் அவள் சொன்னதை வரிக்கு வரி செல்போனில் காட்டி, இனிமேல் வர வேண்டாம் என்றாராம். மாலையில் வேலை முடிந்து வந்த ஜோதி அக்காவை மாடிப்படியிலேயே மடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு இருந்தது நாம மூணே பேரு. பொட்டி கண்ண நானே மூடிட்டேன். இந்தச் சின்னப்புள்ளையா போய்ச் சொல்லிச்சு? கூடவே தின்னுட்டு இப்படிப் பண்ணிட்டியேட்டி!"

"எங்கம்மா மேல சத்தியமா நான் சொல்லலட்டி!" என்று ஜோதி அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் கீழே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. அம்மா என்னை உள்ளே இழுத்து, "மாமா கிட்ட இன்னாடி காட்டுன?" என்றாள். காட்டினேன். பார்த்தவள் லேப்டாப்பை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினாள். "யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. மாமா பேரு வெளிய வரக்கூடாது" என்றாள். ஊரையே சந்தேகப்பட்டவள் தம்பியை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அன்று அதுவும் போயிற்று. பாவி, நானும் அவள் சொன்னபடியே இருந்துவிட்டேன். இசக்கி அக்கா மறுநாளே பஸ் ஏறினாள். இரண்டே மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது, எங்களுக்கு மட்டும். ஜோதி அக்காவும் அறையைக் காலி செய்தாள்.

இப்போது நான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அந்த லேப்டாப் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. மாடியில் வடநாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். மாமாவும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிட்ட அந்தச் சிநேகிதமும் இல்லை. போன மாதம் பஸ் நிறுத்தத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். ஜோதி அக்கா.

"இசக்கி இன்னும் எங்கூடப் பேசுதது இல்லட்டி. எல்லாரும் என்னையத்தான் சொன்னாவ. நீயாவது என்னைய நம்புனியா?"

"நம்புனேங்க்கா."

அவள் கண் கலங்கி, என் கன்னத்தைத் தடவி, "அது போதும்ட்டி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் சொன்னது பொய்யில்லை. அவள் செய்யவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.