தன்னைத்தானே விசாரித்த இன்ஸ்பெக்டர்

அரசுப் பணியில் இருப்பவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்க வேண்டுமானால், வேட்புமனு பரிசீலனைக்கு முன்பே பணியிலிருந்து விலகியிருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதாது. அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற வட்டாட்சியரான நான் இதை ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் இன்ஸ்பெக்டரிடம் இரண்டு முறை சொன்னேன். புதுச்சத்திரம் பக்கம் அவருடைய சொந்தத் தொகுதியில் ஒரு கட்சி அவருக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. பரிசீலனைக்கு ஆறு வாரம் இருந்தது.

"நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார். எனக்கு எஃப்.ஐ.ஆர். தாங்க கைக்கு வரும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். முறையான வழியில் அனுப்பச் சொன்னதும் நான்தான். மேலதிகாரி அலுவலகம் வழக்கப்படி ஒரு முத்திரை குத்தி, 'மனுதாரர் மீது புகார் ஏதும் நிலுவையில் உள்ளதா என நிலைய ஆய்வாளர் விசாரித்து அறிக்கை தரவும்' என்று கடிதத்தைக் கீழே அனுப்பியது. நிலைய ஆய்வாளர் அவர்தான்.

ஆனால் அது அவர் கண்ணில் படவில்லை. மீசைக்குச் சாயம், வெள்ளை வேட்டி என்று அவர் தயாராகிக்கொண்டிருந்தார். தினமும் மாலையில் வந்து, "மேல இருந்து ஒண்ணுங் காணோமுங்க சார்" என்பார்.

நான்காம் வாரம், "கீழே ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். நிலையத்து ஏட்டையாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒண்ணு இருக்குதுங்கய்யா. ஒரு நினைவூட்டல்தான் வந்திருக்குது. மூணு வராம நாம எதையும் தொடமாட்டோமுங்களே. நீங்க சொன்னதுதானுங்க."

"யாரோட மனுன்னு பாத்தியா?"

"பேரையெல்லாம் ஆருங்கய்யா பாக்கறாங்க? ஃபைல் கட்டுல வெச்சுட்டனுங்க."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தன்னையே நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார். மனுதாரர் நேரில் ஆஜரானதாகவும் விசாரணைக்கு ஒத்துழைத்ததாகவும் எழுதினார். அக்கம்பக்கத்துச் சாட்சியாக நான் வாக்குமூலம் கொடுத்தேன்.

"மனுதாரர் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தா மேல சந்தேகப்படுவாங்களா சார்?"

"ஒன்றை அவசரமாகப் போடுங்கள்" என்றேன்.

மனுத் தாக்கலின் கடைசி நாள் வரை பதில் வரவில்லை. கட்சி அந்த இடத்தை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அவருடைய ஊர்வலத்துக்கு இன்ஸ்பெக்டரே பந்தோபஸ்து போய்வந்தார்.

"எம்.எல்.ஏ. சம்சாரம்னு ஜலகண்டாபுரத்துல பட்டுச் சேலைக்கே சொல்லி வெச்சிருந்தனுங்க. இருக்கற வேலையாச்சும் நிக்குமுங்களா?" என்று இன்ஸ்பெக்டரின் மனைவி என்னிடம் கேட்டார்.

ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தேன். அதுவும் முறையான வழியில்தான் போயிற்று. இந்த முறை கீழே வந்த அன்றே அறிக்கை தந்துவிடுவதாகச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஃபைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எதுவும் கீழே வரவில்லை.

நான் ஓட்டுப் போடப் போனபோது பள்ளிக்கூட வாசலில் இன்ஸ்பெக்டர்தான் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஏட்டையா பைக்கில் ஒரு உறையோடு வந்தார். முதல் கடிதத்துக்கான பதில்: ராஜினாமா அன்று நண்பகல் முதல் ஏற்கப்பட்டது. மணி பன்னிரண்டரை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஏட்டையாவிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பதில் வந்த தேதி, வாக்குப்பதிவு நாள்.