தொட்டில் கட்டிலுக்குப் பச்சைப் பெயிண்ட்

பல் முளைக்கத் தொடங்கியதும் என் மகள் தன் இரும்புத் தொட்டில் கட்டிலின் கம்பிகளைக் கரும்பு போலக் கடிக்க ஆரம்பித்தாள். திண்டிவனத்து வாடகை வீட்டின் ஈரத்தில் கம்பியெல்லாம் துரு. அவள் கடைவாயில் செம்மண் நிறத்தில் எச்சில் வழியும். உள்ளே எவ்வளவு போயிற்றோ என்று முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன்.

விழுப்புரத்தில் வேலை பார்த்த என் கணவருக்கு எல்லாத் தீர்வும் பாண்டிச்சேரியில் இருந்தது. ஆபீஸ் முடிந்து பஸ் ஏறிப் போய், ஒரு டப்பா எனாமல் பெயிண்டோடு வந்தார்.

“புது மாதிரி சரக்கு. பிளாஸ்டிக் தோல் மாதிரி இரும்பைப் புடிச்சிக்கும். ஜென்மத்துக்கும் துரு வராது.”

டப்பாவில் இருந்த ஆங்கிலத்தைப் படித்தேன். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அடிப்பூச்சு கொடுத்த பிறகே பூச வேண்டும் என்றிருந்தது. என் மாமியாரோ காலையிலேயே கட்டில் முழுக்க மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், தேய்த்திருந்தார். மண்வெட்டியோ கதவுக் கீலோ, இரும்பைக் கண்டால் அவருக்கு எண்ணெய் தடவாமல் இருக்க முடியாது.

“நல்லா வழவழன்னு வெச்சிருக்கேன்டா. பெயிண்டு தானா ஓடும்.”

“ஏங்க, எண்ணெய் மேல பூசினா ஒட்டாதுன்னு இதுல...”

“ஒரு டப்பாவைக்கூடப் படிக்காம விடமாட்டியா நீ?”

ஒருவேளை எனக்குத்தான் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ என்று டப்பாவை அவரிடமே கொடுத்தேன். எண்ணெய் மேலேயே அவர் பூசி முடிக்க, கட்டில் பச்சையாகப் பளபளத்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் பெயிண்டைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

அடுத்த வாரமே அது வேகவைத்த மல்லாட்டையின் தோலாகக் கழன்றது. மகளின் கைநிறையப் பச்சை, வாயிலும் பச்சை. விரல் விட்டு எடுத்த துண்டுகளைக் கம்பியின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒரு நகத்தளவு குறைந்தது.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்,” என்றார் அவர்.

“எண்ணெ பட்ட எடத்துல துரு இருக்குதா பாரு,” என்றார் மாமியார்.

மறுநாள் காலை குழந்தை வெளிக்குப் போன துணியை வெயிலில் விரித்துத் தேடினேன். அந்த நகத்தளவுத் துண்டு கிடைத்தது. உயிர் வந்தது. இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். “பாத்தியா, கொஞ்சம்கூடக் கரையல. நல்ல பெயிண்டுதான்.”

அன்றிலிருந்து மகளைக் கோரைப் பாயில் கிடத்தினேன். அதையும் கடித்தாள். பாய்க்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று யாரும் கிளம்பாதவரை எனக்குக் கவலையில்லை.