புளி போட்டுத் தேய்த்த பைப்

பிள்ளைகளா, விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்னால் அந்தோணி சார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அயர்லாந்தில் புனித பேட்ரிக் திருநாளுக்காக ஆண்டுதோறும் கொஞ்சமாகச் செய்யும் புகையிலைப் பைப்புகளை என்னைப் போலவே அவரும் சேர்க்கிறார். இருவருமே புகைப்பதில்லை. அவர் அலமாரியில் ஓர் ஆண்டுக்குரிய இடம் மட்டும் காலி. அந்த ஆண்டின் பைப் என்னிடம் இரண்டு இருக்கவே, ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

நான் நீட்டிய பெட்டியைத் திறக்கிறார். பைப்பின் வெள்ளி வளையம் பளபளக்கிறது. அவர் முகம் வாடுகிறது.

“என்ன சார் பண்ணீங்க?”

“புளி போட்டுத் தேய்ச்சேங்க. அடுத்தவங்க வீட்டுக்கு அழுக்கா எப்படிக் கொண்டு வர்றது?”

“ஐயோ, வருஷக்கணக்கா வெள்ளியில ஏறின அந்தக் கறுப்புதானே சார் அழகு!”

இனி வாங்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் ஜன்னலோரம் போய், வளையத்தில் பொறித்த ஆண்டு தேயாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது. காலி இடத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார்.

“மத்தவன் எல்லாம் குளிக்காம நிக்கிறான். இவன் ஒருத்தன்தான் ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கெளம்பிட்டான்!”

பதிலுக்கு அவர் தந்த கறுத்த பைப் என் பையில் இருக்கிறது. நான் மறந்துபோய்ப் புளியை எடுத்தால், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.