லேப் அக்காவும் நீல டேங்குகளும்

பள்ளியில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறையின் சாவிக்கொத்து, காற்று அடைக்கும் கம்ப்ரசர், முப்பது ஸ்பேனர், இரண்டு டிரில்லிங் மிஷின் எல்லாம் அவள் பொறுப்பு. அதற்கு முன் பத்து வருஷம் காஸ் சிலிண்டர்களைச் சோதித்து முத்திரை குத்தும் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு சிலிண்டர் வெடித்து, பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு காது கேட்காமல் போனதைக் கண்ணால் பார்த்தவள்.

அவளுடைய கொழுந்தன் மனைவி அதே பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்ததும்தான் வினை ஆரம்பித்தது. வீட்டில் இருவருக்கும் ஒரே சமையலறை. அங்கே இவள் மூத்தவள். சின்னவளை வா, போ என்று பேசலாம். பள்ளி வாசலைத் தாண்டிவிட்டால் அதே பெண்ணை "மிஸ்" என்று கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல் தினமும் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

வந்த ஆறாவது மாதமே சின்னவள் ரோபோ அணி ஒன்றை ஆரம்பித்தாள். எட்டு மாணவர்கள். அவர்கள் செய்த ரோபோவின் கை காற்றால் இயங்கும்: டேங்கில் அழுத்தி அடைத்த காற்றைத் திறந்துவிட்டால், கை பந்தைத் தூக்கி எறியும். கம்ப்ரசரை ஓட்டுவதும், டேங்கில் சேரும் தண்ணீரை வடிப்பதும், பாதுகாப்பு வால்வு சரியான நேரத்தில் திறக்கிறதா என்று பார்ப்பதும் லேப் அக்கா. ஆனால் பேப்பரில் வந்த படத்தில் சின்னவள் நடுவில் நின்றாள். லேப் அக்காவின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. மாமனார் அதை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். தண்ணீர் பாட்டில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் தன் முழங்கையைப் பார்த்தாள்.

ரோபோ போட்டிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பட்டறையைத் திறந்தாள். புதிதாக வாங்கிய நான்கு வெள்ளை பிளாஸ்டிக் டேங்குகளும் பளபளவென்று நீலமாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே பெயின்டைக் கரைக்கும் தின்னர் டப்பா. முந்தின நாள் மாலை அணிப் பிள்ளைகள் அழகுக்காகப் பூசியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கழுத்தருகே, பெயின்டுக்கு அடியில், தலைமுடி போல ஒரு கோடு. தின்னர் பட்டால் சில பிளாஸ்டிக் நொறுங்கிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். டேங்கில் எதுவும் பூசக் கூடாது என்று போட்டி விதியிலேயே இருப்பதும் தெரியும்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

போட்டியில் பரிசோதகர் பார்த்து, நூறு பேர் முன்னால் அணியை வெளியே போகச் சொல்லட்டும் என்று நினைத்தாள். சின்னவளின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தபோது, எத்தனையோ மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. ஆபத்தா? கம்ப்ரசர் சாவி என்னிடம்தானே இருக்கிறது, நான் ஓட்டாமல் காற்று எப்படி ஏறும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவள், வராந்தாவிலேயே கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் சின்னவள் தலைமையாசிரியரிடம் மாற்றுச் சாவி வாங்கியிருக்கிறாள். லேப் அக்கா ஓடினாள். எட்டு பிள்ளைகளும் டேங்கைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தது இரண்டே பேர். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் எண்பத்தைந்து பவுண்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்க! இப்பவே!"

சுவிட்சை அணைத்தாள். இரும்பு அலமாரியின் பக்கமாக ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டி வால்வைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறி முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

சின்னவள் கதவருகே சிவந்த முகத்தோடு நின்றாள். "என்னக்கா இது? பசங்க முன்னாடி இப்படியா கத்துவீங்க?"

"டேங்க்ல விரிசல் இருக்கு மிஸ்."

"புது டேங்க், அக்கா. மீட்டர் நூறைக்கூடத் தொடல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நேராவே கேக்கறேன். என் மேல உங்களுக்குப் பொறாமைதானே?"

அணியின் தலைவிக்கு, வாய் ஓயாததால், ரேடியோ என்று பெயர். வராந்தாவில் நின்ற அந்த ரேடியோவே அப்போது நின்றுபோனது.

"ஆமா, பொறாமைதான்," என்றாள் லேப் அக்கா. மிஸ் என்பது மறந்துவிட்டது. "உன்னைப் பார்த்தாலே வயிறு எரியுது. ஆனா என் வயிறு எரிஞ்சா டேங்க்ல விரிசல் விழாது. விரிசல் தனியா இருக்கு. வா, காட்டறேன்."

பள்ளியில் குழாய் மாற்ற வந்திருந்த பிளம்பரிடம், குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று தண்ணீர் அழுத்திப் பார்க்கும் கைப்பம்பை வாங்கி வந்தாள். டேங்கில் துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்தாள்.

"எதுக்குக்கா தண்ணி?" ரேடியோ மறுபடி ஓட ஆரம்பித்தது.

"தண்ணி அமுங்காது. உடைஞ்சா ஒழுகும், அவ்வளவுதான். காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி உட்கார்ந்திருக்கும். உடைஞ்சா துண்டு துண்டா தூக்கி எறியும். உன் கண்ணு எந்தப் பக்கம் இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

பம்பை அடித்தாள். எழுபது. எண்பது. தொண்ணூறைத் தொட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். கழுத்தருகே டேங்க் பிளந்து, பெட்டியின் அடியில் தண்ணீர் வழிந்தது.

சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் போன பிறகு லேப் அக்கா சொன்னாள்: "செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டேன். போட்டியில உன் மூக்கு உடையட்டும்னு சும்மா இருந்தேன்."

சின்னவள் மாற்றுச் சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். "நான் மட்டும் என்ன? உங்ககிட்ட வந்து கேக்கக் கூடாதுன்னுதான் சாவி வாங்கினேன்."

தலைமையாசிரியரிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். இருவருக்கும் திட்டு விழுந்தது. சின்னவளுக்குக் கொஞ்சம் குறைவாக விழுந்ததோ என்று லேப் அக்கா யோசித்துப் பார்த்தாள். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை, பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பெயின்ட் பூசாத புது டேங்குகள் வந்தன. போட்டியில் அணி மூன்றாவது சுற்றில் தோற்றது, ஆனால் பரிசோதனையில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை.

இப்போது காற்று அடைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் லேப் அக்கா பாடம் எடுக்க வேண்டும் என்பது பள்ளியின் ஏற்பாடு. பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ரேடியோ வீட்டுக்கே போன் செய்து சந்தேகம் கேட்கிறாள்.

ஒருநாள் மாலை காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னவள் தலை நிமிராமல் சொன்னாள்: "இப்பல்லாம் பசங்க எதுக்கும் உங்ககிட்டதான் ஓடறாங்க. மிஸ்னு ஒருத்தி இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இல்ல."

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று லேப் அக்காவுக்குத் தெரியாதா என்ன!

"அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டாள்.