சைக்கிள் சுற்றிப் பிடித்த இடம்

இன்று திருநெல்வேலிப் பல்கலைக்கழக நேர்முகத் தேர்வில் இருந்தவர்கள்: விரிவுரையாளர் மூவர், நான், கவிழ்த்து வைத்த சைக்கிளோடு என் கணவர்.

இசை, ஓவியம், நாடகம் மூன்றும் சேர்ந்த நுண்கலை முதுமாணிப் பட்டமேற்படிப்பு. போரால் ஊரில் மின்சாரம் இல்லையே! இவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் என் பாட்டுக் கசெற் ஓடியது. கதிர்காமத்துக்கு நடக்கும் அடியாராக நடித்துக்கொண்டே காட்டுவழியை வரைந்தேன்.

பாதியில் இவர் களைக்க, பாட்டு இழுபட்டது. 'முருகா!' என்று நானும் தள்ளாடி நடந்தேன், தூரிகையும் தளர்ந்தது.

"பாட்டை அதிலை தளரவிட்டது நல்ல யோசினை. ஆற்றை யோசினை?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

"இவற்றை கையின்ரை, சேர்," என்று கணவரைக் காட்டினேன்.

"இன்னுமொருக்கா எண்டால் செத்துப்போவன்!" என்றார் இவர்.

சிரித்தபடியே இடம் தந்துவிட்டார்கள்!

திங்கள் வகுப்பில் மறுபடி நடிக்க வேண்டும். இவருக்குக் கை தூக்க முடியவில்லை. நண்பர்களே, சைக்கிள் சுற்ற யார் வருகிறீர்கள்? நாளைக்குள் சொல்லுங்கள்.