கனமாகப் பார்த்து ஆறு கல்

எமர்ஜென்சி முடிந்த வருஷம். ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை இருந்தது. ஜவ்வாது மலையில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் மெஷினால் மலையைத் துளைத்து, உருளை உருளையாக எடுத்த கல்லையெல்லாம் எந்த ஆழத்தில் எடுத்தது என்ற வரிசைப்படி பெட்டிகளில் அடுக்கி அங்கேதான் வைத்திருந்தார்கள். அதற்குக் காவல் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்லுக்கு யாராவது காவல் இருப்பார்களா என்று நான் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன். அந்த வேலையை நம்பித்தான் அவருக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

கல்யாணப் புடவையை அப்பாவே நெய்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தளராமலிருக்கத் தறிக்குப் பின்னால் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிடுவோம். ஒரு நாள் அது உடைந்துபோனது.

"கனமா பாத்து எட்த்துகினு வாடா" என்றார் அப்பா.

தெருவில் எதற்குத் தேட வேண்டும்? மாமா டீ குடிக்கப் போன நேரம் கொட்டகைக்குள் நுழைந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, உடைந்த பெரிய கல்லுக்கு ஈடாக இருப்பதிலேயே கனமான ஆறு கல்லைக் கொண்டுவந்தேன். தறியில் உட்கார்ந்துவிட்டால் அப்பாவுக்கு உலகமே தெரியாது. எங்கே எடுத்தாய் என்றுகூடக் கேட்காமல் கட்டிவிட்டார்.

மறுநாள் மலையிலிருந்து, இரும்பு தேடும் வேலைக்குப் பொறுப்பான சார் வந்தார். பெட்டிகளில் ஆறு இடம் காலி. மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தேடிக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் வந்த சார், தறிக்குப் பின்னால் குனிந்தார். அவர் கையிலிருந்த காந்தம் தொங்கிய கல்லில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"யார் எடுத்தது?"

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். "நான்தான் சார். புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சார்! அவரு டீக்கடைல குந்திகினு இருந்தாரு. தூக்கித் தூக்கிப் பாத்து நான்தான் பொறுக்கனேன்!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். சார் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "இரும்புக் கல்லா பாத்து பொறுக்கியிருக்கான். இது இல்லாம பெட்டியைப் பாத்திருந்தா மலையில ஒண்ணுமில்லைன்னு எழுதியிருப்பேன். இன்னும் எவ்வளவு நெய்யணும்?"

"ரெண்டு மொழம் சார்" என்றார் அப்பா. "இப்ப அவுத்தா பாவு தளந்துடும்."

"முடிச்சிட்டே குடுங்க. உடைஞ்ச முனையைப் பொருத்திப் பாத்தா எது எந்த இடம்னு தெரிஞ்சிடும்." மாமா பக்கம் திரும்பினார். "இனிமே டீக்கடைக்குப் போனா பூட்டிட்டுப் போப்பா."

வேலை பிழைத்தது. ஆனால், நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பெருமையை மாமா தட்டிக்கொண்டு போகப் பார்த்தாரே என்ற ஆத்திரம் எனக்கு அடங்கவேயில்லை. கல்யாணப் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து எனக்கு வைத்தார்.

நான் அதை அவர் இலையிலேயே திருப்பிப் போட்டேன்.